தீபாவளிக்குப் பிறகு வைத்த தேர்வு

செயல் ஆராய்ச்சி என்றாலே எங்கள் பி.எட். கல்லூரியில் எல்லோருக்கும் ஜெராக்ஸ் கடைதான் ஞாபகம் வரும். வகுப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழி செய்து பார்த்து, பலன் கிடைத்ததா என்று எழுத வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் சீனியர்களின் அறிக்கையில் பள்ளியின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. முன் தேர்வில் மதிப்பெண் குறைவாக இருக்கும், பின் தேர்வில் ஏறியிருக்கும். ஏறாத அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லா வகுப்பும் இப்படி ஏறியிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்குமே என்று கேன்டீனில் ஒருநாள் சொல்லி, தோழிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆண்டில்தான் அது மாறியது. கல்லூரியும் நாங்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. எது குறை என்பதை இனிமேல் கல்லூரி சொல்லாது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் சொல்வார். அவரும் பயிற்சி மாணவியும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்ய வேண்டும். முடிவைப் பள்ளியிலேயே, அங்குள்ள ஆசிரியர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் முனகினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. எதையும் நானே செய்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

எனக்குக் கிடைத்தது திருப்பூர் அருள்புரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த டீச்சர் என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், படபடவென்று பேசுவார்.

"உங்களுக்கு ஒரு குறை வேணும், அவ்வளவுதானுங்க? நம்ம கிளாசுக்கு வாங்க, வேண்டிய மட்டும் இருக்குது" என்றார்.

அவர் காட்டிய குறை இது. கூட்டு, பெருக்கு என்று நேராகக் கொடுத்தால் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். அதையே, ஒரு பெட்டிக்கு இத்தனை பனியன், அப்படி இத்தனை பெட்டி என்று கதையாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். கணக்கைப் போடும் முன் அதைப் படமாக வரையச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வைப்பது என்று நாங்கள் இருவரும் ஒரு வழி பேசி வைத்தோம்.

அந்த வகுப்பில் வடக்கத்திப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். இந்தப் பிள்ளைகளை மட்டும் பழைய நூலக அறைக்கு மாற்றி, தனியாக ஒருவரை வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது தலைமையாசிரியரின் திட்டம். அவர் கெட்டவர் இல்லை. ஒன்றையே இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது, எங்கள் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று மற்ற பெற்றோர் அவரிடம் வந்து நின்றார்கள். கணக்கு டீச்சருக்கு அதில் துளியும் சம்மதமில்லை. தனியாகப் போட்டால் அந்தப் பிள்ளைகள் யாரோடு தமிழ் பேசும் என்பது அவர் கேள்வி.

"சரிங்க டீச்சர், இந்த அம்மணி ஆராய்ச்சி முடியட்டும். அதுல என்ன வருதோ அதும்படி செஞ்சுக்கலாம்" என்று தலைமையாசிரியர் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார். மதிப்பெண்ணுக்காக வந்த என் தலையில், அந்தப் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்பதும் வந்து விழுந்தது.

அவர்களில் ஒரு பெண் மட்டும் இரண்டாவது பெஞ்சில், ஒரு டெய்லரின் மகளோடு ஒட்டிக்கொண்டு உட்காருவாள். அவளுடைய தமிழ் முழுக்க அந்தத் தோழி கொடுத்தது. பள்ளிக்குள் நுழைந்த நாயைக்கூட "வெளிய போங்க" என்றுதான் விரட்டுவாள். ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், எங்களை அந்த ரூமுக்கு அனுப்பிருவீங்களா?"

"இன்னும் முடிவாகல கண்ணு."

"அங்க போனா இவகூடப் பேச முடியாதுங்க."

இந்தப் பெண்ணை அந்த அறைக்கு அனுப்ப விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முன் தேர்வு முடிந்ததும் தீபாவளி வந்தது. போனஸ் வாங்கிய கையோடு பாதித் திருப்பூர் காலியாகும். தெற்கத்திக்காரர்கள் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள். பீகார்க்காரர்கள் தீபாவளிக்கு அடுத்து அங்கே வரும் சத் பூஜையை முடித்து, சொந்தபந்தம் பார்த்து, ரயிலில் இடம் கிடைக்கும்போதுதான் வருவார்கள். என் அப்பா ஒரு கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். ஆட்கள் திரும்பி வரும்வரை யாருக்கும் ஷிப்மென்ட் தேதி சொல்லாதீர்கள் என்று மேனேஜரிடம் ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்டுவார். அதைக் கேட்டே வளர்ந்த நான், கல்லூரி அட்டவணையில் இருந்த தேதியைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் இல்லாமலே படம் வரையும் பாடங்களை நடத்தி, பின் தேர்வையும் வைத்துவிட்டேன். ஒரு பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தது. கண்ணுக்கு எதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சராசரி ஜம்மென்று ஏறியிருந்தது. கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் குஷியாகத் தலைமையாசிரியரிடம் போய்க் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்குதுங்க. நான் சொன்னேனில்ல டீச்சர், அந்தப் பிள்ளைங்க இல்லாம இருந்தா கிளாஸ் எப்படி வருதுன்னு. இதையே மீட்டிங்ல சொல்லிருங்க அம்மணி. அடுத்த வாரமே அந்த ரூமைக் கூட்டி வெக்கச் சொல்லிர்றேன்."

யாருக்காகச் செய்தேனோ அவர்களையே வெளியே தள்ள என் தாளைத்தான் அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, வேலைதான் ஓடும். ஆசிரியர் அறைக்குப் போய் எல்லா விடைத்தாளையும் மேசையில் கொட்டினேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் டீச்சர்.

"ரெண்டு தேர்வையும் எழுதுனவங்களை மட்டும் ஜோடி சேர்க்கலாம் டீச்சர். ஒரே பிள்ளையோட முன்னதையும் பின்னதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

இருவரும் நின்றுகொண்டே பிரித்தோம். இரண்டு தேர்வும் எழுதியவர்கள் முன்பு எப்படி எழுதினார்களோ அப்படியேதான் எழுதியிருந்தார்கள். ஒருத்தன் கொஞ்சம் ஏறியிருந்தால் இன்னொருத்தி கொஞ்சம் இறங்கியிருந்தாள். முன் தேர்வில் குறைவாக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டதால் சராசரி ஏறியிருந்தது. எங்கள் படம் வரையும் வழி ஒருவருக்கும் எதுவும் செய்யவில்லை.

"அப்ப நம்ம வழி புஸ்ஸுன்னு போயிருச்சுங்களா?" என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வழி போயிருச்சுங்க டீச்சர். ஆனா ஹெச்.எம். சாருக்குப் பதில் கிடைச்சிருச்சு."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு எழுந்து, தாள்களை அவரே அடுக்க ஆரம்பித்தார்.

கல்லூரியில் என் வழிகாட்டி மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பலன் இல்லை என்று யாரும் எழுதுவதில்லை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம், அந்தப் பிள்ளைகள் வந்தபின் இன்னொரு தேர்வு வைத்துப் பார்க்கக் கூடாதா என்றார். அதற்குள் அந்த அறையைக் கூட்டிவிடுவார்கள் மேடம் என்றேன். அவர் மேலும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். குறைந்தால் குறையட்டும் என்றுதான் நான் பேருந்து ஏறினேன். எழுதியது உண்மை என்பதால் எனக்குப் பயமே இல்லை.

பள்ளியில் நடந்த கூட்டத்தில் தலைமையாசிரியர் முன் வரிசையில், என் வழிகாட்டி மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எங்கள் வழி பலிக்கவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சராசரி ஏன் ஏறியது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தே பேசினேன்.

"அந்தப் பிள்ளைங்க இத்தனை வாரமா கிளாஸ்ல இல்லீங்க சார். டீச்சருக்கு ரெண்டு தரம் சொல்ற வேலை இல்லை. புதுசா ஒரு வழியும் கூடச் செஞ்சு பார்த்தோம். அப்படியும் இருக்கிற பிள்ளைங்க முன்ன இருந்த எடத்துலயேதான் இருக்காங்க. அவங்க இல்லாததால யாருக்கும் லாபமில்லீங்க சார்."

"பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அந்தப் பார்க்கலாமில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் டீச்சரும் அன்று நன்றாகச் சண்டை போட்டோம், இன்னும் பணிவாகச் சொல்லியிருக்கலாம் என்று அவரும், இதை விடப் பணிவு என்னிடம் கிடையாது என்று நானும்.

என் பயிற்சி முடிய ஓரிரு நாளே இருந்த ஒரு காலையில், பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நூலக அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே, தூசி படிந்த ஒரு பெஞ்சில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். முந்தின இரவு வண்டியில்தான் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். இனி அந்த அறைதான் என்று தோழி போனில் சொல்லியிருந்தாளாம். நான் உள்ளே கால் வைக்கும் முன்னால், ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியர் என் பின்னாலிருந்து நுழைந்தார்.

"இங்க என்ன கண்ணு பண்றே?"

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"எங்களுக்கு இந்த ரூமுதான்னு சொன்னாங்க சார். மத்தவங்க இன்னும் ஊர்ல இருந்து வரலீங்க. சொல்லித் தர்றவங்களும் வரலீங்க. அதான் நானே படிச்சுட்டு இருக்கறனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அவர் குனிந்து அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் என்னைப் பார்த்தாள்; போ என்று தலையசைத்தேன்.

ஆறாம் வகுப்பு வாசலில் அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டெய்லர் மகள் அதற்குள் தள்ளி இடம் விட்டிருந்தாள். பையை அங்கே வைத்துவிட்டு வெளியே வந்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மத்த பிள்ளைங்க வர்றப்ப கேட்டுலயே நின்னு, நேரா இங்க கூட்டியாந்துருங்க அம்மணி. ஒண்ணைக்கூட அங்க போக வுட்றாதீங்க."