பேசாத வீரன்

இலங்கையின் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளை ஓர் அம்மா பார்த்துக்கொண்டார். சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். யாரோடு பேசினாலும் அவர் கை ஏதாவதொரு மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பழைய கார்ட்டூன் என்றால் பைத்தியம். ஒருநாள் மடிக்கணினியோடு அங்கே போய், ஐந்து சாகச வீரர்கள் வரும் தொடரொன்றின் ஒரு பாகத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அந்தக் காலத்துலயே ஒரு கறுப்பரையும் வீரனாக்கிட்டாங்க, பாருங்கம்மா," என்று பெருமையடித்தேன்.

அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கறுத்த ஆளு எப்ப பேசுவாரு தம்பி? புள்ளைங்க அவரயே பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

எத்தனையோ முறை பார்த்த எனக்கு அது ஒருநாளும் உறைத்ததில்லை. "அடுத்த பாகத்துல பேசுவாரும்மா," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

"அப்ப அதயே போட்டிருக்கலாமே. சரி, அடுத்த கெழம கொண்டாங்க. புள்ளைங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து எல்லாப் பாகங்களையும் அலசினேன். மொத்தத் தொடரிலும் அவன் ஒரே ஒரு இடத்தில்தான் வாய் திறக்கிறான். "உத்தரவு, தலைவரே" என்கிறான், அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. காத்திருந்த பிள்ளைகளிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, தெரியவில்லை.