ஏழு மணி ரோஜா

என் அக்கா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது, ஏன் தாமதம் என்று எழுதி வைக்கிற வேலை. இருபது வருடமாக ஓட்டுநர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பொய்யைப் பிடித்துவிடுவாள். டிப்போவில் அவளுக்குப் பெயர் கடிகாரம். அவள் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் நேர விஷயத்திலேயே கோட்டை விட்டாள் என்றால் நம்ப மாட்டீர்கள். அதே வீட்டு மாடியில் குடியிருந்து, அவளுடைய பூந்தொட்டிகளைத் தூக்கித் தூக்கியே இடுப்பு கழன்ற தம்பி சொல்கிறேன், நம்புங்கள்.

அத்தானுக்கு ரொட்டி போடும் வேலை. பேக்கரி பக்கத்து ஊரில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். மதியம் நாலு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வீடு. ஜன்னல் இல்லாத அறை, மாவு, அடுப்பு, அவ்வளவுதான் அவருடைய உலகம். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை சொன்னார்.

"பதினெட்டு வருஷமா மூக்குல ஈஸ்ட் வாசனைதான். வீட்டுக்குள்ள நுழையும்போது வேற ஏதாவது நல்ல வாசனை வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

சொன்னவர் மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. கேட்டுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே பத்தடி இடம் சும்மாதான் கிடந்தது, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன, வண்ண இலை தவிர வாசனை எதுவும் இல்லாத இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளோடு. வாரா வாரம் வேலை முடிந்து திரும்பும் வழியில் நர்சரிக்குப் போக ஆரம்பித்தாள். செடியின் பெயரைக் கேட்க மாட்டாள், பூவின் நிறத்தைப் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மூக்கை வைப்பாள். வாசனை அடித்தால் வாங்குவாள். இல்லையென்றால் எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் சீந்த மாட்டாள். இப்படித்தான் மல்லி வந்தது, இருவாட்சி வந்தது, சம்பங்கியும் இரவுராணியும் வந்தன.

பூக்க ஆரம்பித்ததும் தெருவே மயங்கியது. சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் படியிறங்கினால் மூக்கைத் துளைக்கும். எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் அத்தானும் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன வாசனை, ஆளைத் தூக்குது" என்பார். அடுப்படியில் நிற்கும் அக்காவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் ஒரு சனிக்கிழமை எல்லாப் பூந்தொட்டிகளையும் நான்தான் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனேன். முன்னால் மிச்சம் இருந்தவை அந்த இரண்டு குரோட்டன்ஸ் மட்டும்தான். மறுநாள் காலை அத்தான் வந்தார், செருப்பைக் கழற்றினார், ஆளைத் தூக்குது என்றார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்து எந்தச் செடி என்று கேட்டாள். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டினார். கை குரோட்டன்ஸைக் காட்டியது.

அசடு வழிய நின்றவர் பிறகு உள்ளதைச் சொன்னார். "ஒரு நாள்கூட வாசனை வந்ததில்லம்மா. நீ ஆசையா வச்சே. எப்படிச் சொல்றது?"

அக்கா திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்குன்னு வச்சது, அவரைத் தவிர ஊருக்கே மணக்குது பாரு" என்றாள் என்னிடம். அவள் குரல் கம்மிப் போனதை நான் அன்றுதான் கேட்டேன்.

பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் நீட்டலாமே என்று யோசனை சொன்னேன். பறித்துக் கொடுத்தால் அது பூ, வரும்போது தானாக வந்து மூக்கில் ஏறினால்தான் தோட்டம் என்று என் வாயை அடைத்துவிட்டாள். வாராந்திர விடுமுறை நாளில் அத்தானைச் சாயங்காலம் எழுப்பிப் பார்த்தோம். மல்லிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்.

குட்டை உடைத்தவர் நர்சரிக்காரர்தான். "நீங்க வர்றதே சாயங்காலம். அப்போ எது மணக்குதோ அதைத்தானே வாங்குறீங்க? அதெல்லாம் நைட் டியூட்டி செடிங்க. விடிஞ்சா ஓய்ஞ்சிடும்."

ஊருக்கெல்லாம் நேரம் குறிக்கிறவள் தன் மூக்குக்கு மணி பார்க்க மறந்திருந்தாள். அத்தானுக்கும் செடிகளுக்கும் ஒரே ஷிப்ட் என்று நான் சிரித்தேன், முறைத்தாள். மறுநாளே லீவு போட்டாள். ஆறு வருடத்தில் முதல் லீவு. என்னையும் இழுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு நர்சரியில் போய் நின்றாள். கிண்ணம் கிண்ணமாகப் பூத்திருந்த ஒட்டு ரோஜாக்களில் மூக்கை வைத்தாள், ஒன்றுமில்லை. மூலையில் வெளிர் ரோஜா நிறத்தில், இதழ் கலைந்து, தலைவாராத பிள்ளை போல நின்றது ஒரு பன்னீர் ரோஜா. அதில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

நாலு தொட்டி வாங்கினோம். காலை வெயில் விழும் கேட்டோரத்தில் அவற்றை வைத்தோம், மல்லியும் மற்றதும் மாடிப்படியோரம் போயின. இந்தத் தூக்கும் படலத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அத்தானிடம் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. இதுவும் ஏமாற்றினால் இனி இந்த வீட்டில் செடியே கிடையாது என்றாள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நர்சரிக்காரர் கிளைகளை வெட்டிவிட்டுத்தான் கொடுத்திருந்தார், அதனால் ஒன்பது வாரம் பூவுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு புதன்கிழமை விடியும்போது மூன்று பூ விரிந்திருந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள், கண் கைக்கடிகாரத்தில். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு ஐந்துக்குக் கேட் கிறீச்சிட்டது. அத்தான் இரண்டடி வைத்தார், நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்தார். பையைத் தரையில் வைத்தார். பிறகு ரோஜாச் செடிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பூவுக்குள் புதைத்துக்கொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது.

கதவைத் தட்டியபோது மணி ஏழு பதினாறு. கண் சிவந்திருந்தது, மீசையில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது.

அக்கா மணியைப் பார்த்தாள். "ஏன் லேட்டு?"

"பஸ் லேட்டும்மா."

இருபது வருடத்தில் ஒரு ஓட்டுநரிடமும் இந்தக் காரணத்தை அவள் ஏற்றுக்கொண்டதில்லை.

"ஆமா, அந்த பஸ் எப்பவும் லேட்டுதான்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.