சாம்பல் நிற வீடுகள்

அந்த அலுவலகத்தில் தரை துடைத்து, கப் கழுவி வைக்கும் பெண்ணை எல்லோரும் ‘தலைவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் வாய்க்கால் ஓரத்துத் தெருவை இடிக்க வந்தபோது, இயந்திரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டவள் அவள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். மூன்றாம் நாள் அவளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு இடித்தார்கள். நகரத்துக்கு வெளியே நாலாவது மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி எட்டாத அந்த இடத்தில், முதல் வருடமே மூச்சுத் திணறி அவள் மகள் போய்ச் சேர்ந்தாள். தெருக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த அலுவலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நகரம் அமைக்கக் கற்றுக்கொடுக்கும் பலகை விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆடிப் பார்க்க நாலு பேர் வேண்டும். ஒருவர் வரவில்லை. விளையாட்டை உருவாக்கிய இளைஞன் துடைப்பத்தோடு போனவளை நிறுத்தினான்.

“அக்கா, ஒரு ஆட்டம் உக்காருங்க. உங்களுக்கே புரிஞ்சுட்டா எந்தப் பிள்ளைக்கும் புரியும்.”

உட்கார்ந்தாள். பச்சைக் காய் பூங்கா, மஞ்சள் கடை, நீளப் பட்டை சாலை. பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி வீடுகள். முதலில் அவள் அவற்றைத் தொடவில்லை. வளைத்து வளைத்துச் சாலை போட்டாள். கடைசி இடத்தில் கிடந்தாள்.

“அந்தச் சாம்பல எடுங்கக்கா. ஒண்ணுக்கு அஞ்சு பாயிண்ட்.”

ஒன்றை எடுத்தாள். அதைப் பலகை ஓரத்தில் நிமிர்த்தி வைத்தாள். இரண்டாவதைப் பெட்டிக்குள் போட்டாள். அப்புறம் வரிசையாக வழித்தெடுத்தாள்.

எதிரே ஆடிக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியை கேட்டார்: “இதுல இருக்கிறவங்க எங்க போவாங்க?”

இளைஞன் விதித் தாளைப் புரட்டினான். தலைவி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “எங்கயாவது போவாங்க டீச்சர். உங்க முறை, போடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்துவிட்டுக் காயைப் போட்டார். தலைவி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள். கை தட்டினார்கள். அவளுக்காக யாரும் கை தட்டி அவள் கேட்டதே இல்லை. “எது பிடிச்சுதுக்கா?” என்று இளைஞன் கேட்டதற்கு, “எடுக்கிறதுதான்” என்றாள். அவன் அதை எழுதிக்கொண்டு, சாம்பல் வீட்டுக்கான ஐந்தை அடித்துவிட்டுப் பத்து என்று போட்டான்.

வீட்டில் சாப்பாடு போடும்போது, ஜெயித்த கதையைக் கணவனிடம் சொன்னாள். அவன் கொத்து வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான்.

“எதை எடுத்து ஜெயிச்சே?”

“வீட்டைத்தான்.”

தட்டை நகர்த்தி வைத்தான். “உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“அன்னைக்கு நீ படுத்தியா மிஷினுக்கு முன்னாடி? சாமான் மூட்டை கட்டிட்டு இருந்தே. படுத்தவ நான். எடுத்தா நான் எடுப்பேன், உனக்கென்ன?”

அவன் கை கழுவிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. அவளும் அவனைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் இளைஞன் மறுபடியும் பலகையை விரித்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே தலைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.