குருநகருக்கு வந்த பியானோ

லெனாட் அண்ணை குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். வயது ஐம்பத்துமூன்று. உப்புத் தின்ற எஞ்சினைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தால் திரும்பவும் ஓடும் என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். துருவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. யாரும் கேட்காமலே கோயில் கேற்றின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பிக்கும் அப்படித்தான்.

அவருக்கு ஒரே மகள், றொசாந்தி. பியானோவில் ஐந்தாம் தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கீபோட். அதில் பழகிய விரல் உண்மையான பியானோவில் சறுக்கும் என்று சுபாஜினி ரீச்சர் சொல்லிவிட்டார். ஆகவே தினமும் பின்னேரம் ரீச்சர் வீட்டிலேயே அரை மணித்தியாலம் பழகினாள். முன்னுக்குப் போன பிள்ளை முடிக்கும்வரை கேற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருநாள் மழையில் நனைந்தபடி நின்ற மகளை லெனாட் அண்ணை கண்டார்.

"இனி என்ரை பிள்ளை ஒருத்தற்றை கேற்றிலையும் நிக்கமாட்டாள்" என்றார் அன்றைக்கு.

"அப்ப பியானோ வேண்டப் போறீங்களோ?" என்று அவருடைய மனைவி அற்புதராணி அக்கா சிரித்தார்.

"ஓம், வேண்டத்தான் போறன்."

கொழும்புக் கடைகளில் கேட்ட விலை அவருக்கு எட்டவில்லை. பிறகு, கனடாவுக்குப் போகிற ஒரு குடும்பம் பக்கத்துக் கொழும்புத்துறையில் தங்கள் பழைய யப்பான் பியானோவை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டார். சுவரோடு நிமிர்ந்து நிற்கிற வகை. கடை விலையில் பாதிகூட இல்லை. மேல்மூடியைத் திறந்து, ரோச் வெளிச்சம் அடித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு கம்பியையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து, படகு இழுக்கிற ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

"லெனாட் அண்ணை, இது எத்தினை குதிரைவலு?" என்று கேட்டான் அவர்களில் ஒருவனான ஜெரோசன்.

"உன்னை விடக் கூட. கால் கவனம்."

மறுநாளே லெனாட் அண்ணை ரீச்சரிடம் போய் இனிமேல் அந்த அரை மணித்தியாலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரத்தை ரீச்சர் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் மாதம் எங்கள் ஒழுங்கை முழுக்க அந்தச் சத்தம்தான். இரண்டாம் மாதம் ஏதோ பிழைத்தது. பியானோவின் இடப்பக்கம் தளர்ந்து, ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பேர் மூன்று விதமாக முனகுவதுபோல் கேட்டது. றொசாந்தி வாசித்துப் பார்த்து நிறுத்துவாள். சோதனைக்கு ஆறு கிழமைதான் இருந்தது.

கொழும்பிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் வந்து பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிற ஒரு பெரியவர் அப்போது வந்திருந்தார்; அவரை வீட்டுக்கு அழைத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கதைப்பதற்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் மேல்மூடியைத் திறந்தார். கம்பி சுற்றியிருக்கிற ஆணி ஒன்றில் சுருதிச் சாவியை மாட்டித் திருப்பினார். சுருதி ஏறியது. கையை எடுத்தார். ஆணி தானாகத் திரும்பிப் பழைய இடத்துக்குப் போனது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஆணியின் அடியை விரலால் தடவி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"எண்ணெய் பூசினது ஆரெண்டு கேக்கிறார்" என்றேன்.

"நான்தான்." லெனாட் அண்ணையின் குரலில் ஒரு பெருமை இருந்தது. "கடற்காத்து. இவ்வளவு இரும்பு. விட்டால் ஒரு வருசத்திலை தின்றிடும். எண்ணெயிலை மண்ணெண்ணெய் கலந்து, கோழியிறகாலை ஒவ்வொரு ஆணிக்கும் அடிவரைக்கும் இறக்கினனான். நாலு ஞாயிறு. வலப்பக்கம் கொஞ்சம் மிச்சம், அதையும் வாற ஞாயிறு முடிச்சிடுவன்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"சொல்லு பிள்ளை" என்றார் லெனாட் அண்ணை.

"அண்ணை, அந்த ஆணியளைப் பிடிச்சு வைச்சிருக்கிறது திருகாணிப் புரி இல்லையாம். மரத்துக்குள்ளை இறுகி நிக்கிறதாலைதானாம் கம்பி இழுபட்டு நிக்குது. இப்ப அந்த மரம் எண்ணெய் குடிச்சிட்டுதாம். இனி இறுக்கினாலும் நிக்காதாம்."

"மரத்தை மாத்தேலாதோ?"

"அந்தச் செலவுக்கு இன்னொரு பியானோ வேண்டலாமாம்."

அவர் பியானோவைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். அற்புதராணி அக்கா குசினி வாசலில் நின்றபடி, "ஐயோ, ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?" என்றார்.

"ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார் அவர். "இரும்பெண்டால் எல்லாரும் என்னட்டைத்தானே கேக்கிறவை."

அரைகுறையாகச் செய்கிற ஒருவர் மேலாகத் துடைத்துவிட்டு விட்டிருப்பார். பியானோவும் தப்பியிருக்கும். இவர் எதையும் அடிவரைக்கும் செய்கிறவர். இதை எழுதும்போதும் எனக்கு அந்த அதிர்ச்சி போகவில்லை. பெரியவர் காசு வாங்காமலே போனார். றொசாந்தி அழவில்லை. கட்டைகளின் மேல் துணியை விரித்து, மூடியை மூடினாள்.

"சோதனைக்கு எத்தினை நாள்?" என்று கேட்டார் தகப்பன்.

"நாப்பத்தொண்டு, அப்பா."

அவர் சேட்டொன்றை மாட்டிக்கொண்டு என்னையும் கூட வரச் சொன்னார். ரீச்சர் வீட்டுக் கேற்றடியில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னார். எண்ணெய் என்ற இடத்தில் ரீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

"பின்னேரம் ஒரு நேரமும் இல்லை, லெனாட்."

"எந்த நேரமெண்டாலும் சரி, ரீச்சர்."

"விடிய அஞ்சரைக்கு வரட்டும். வேறை இல்லை."

விடிய ஐந்தரை என்பது படகுகள் கரைக்கு வருகிற நேரம். பழுதான எஞ்சின்கள் அவரிடம் வருவதும், அவர் உழைப்பதும் அந்த நேரத்தில்தான். அது ரீச்சருக்குத் தெரிந்திருக்காது.

"கொண்டுவந்து விடுறன்" என்றார் உடனேயே.

நேற்று விடிய நான் பஸ்ஸுக்குப் போனபோது, ரீச்சர் வீட்டுக் கேற்றுக்கு வெளியே லெனாட் அண்ணை மோட்டார் சைக்கிளில் இருந்தார். உள்ளே றொசாந்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவருடைய போன் அடித்தது.

"தெரியும் தம்பி, எஞ்சின் ஓடாட்டி மீன் பழுதாகும்" என்றார் தணிந்த குரலில். "வேறை ஆரையும் பார். நான் ஆறு மணிக்குப் பிறகுதான் வருவன்."

போனை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டார்.