படத்தில் நான் பிடித்த கடைசித் தப்பு

டச்சுக்காரர் காலத்துக் கொலைக் கதை ஒன்றைப் படம் பிடிக்க எங்கள் ஏரிக்கரைக்கு வந்தார்கள். பழைய வழக்கங்களைச் சொல்ல ஆள் கேட்டபோது ஊரார் என்னைத்தான் கை காட்டினார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் என் கண்ணுக்குத் தப்பு தப்பாது.

முதல் நாள் தோணிரேவில், கொலையாகும் மீனவன் கையில் நைலான் வலையைக் கொடுத்திருந்தார்கள். "அந்தக் காலத்துல நைலான் ஏது? பருத்தி நூலு வலை கொண்டாங்க" என்றேன். பிறகு தோணி. ஒரு காட்சியில் பாய் இந்தப் பக்கம் புடைத்திருந்தது, அடுத்ததில் அந்தப் பக்கம். நடுவில் சாப்பாட்டுக்குப் போய் வந்ததில் காற்று மாறிவிட்டது. கொலைகாரன் ஓடுகிற ஓட்டத்தில் காற்று அவனுக்காக மாறுமா? பழைய கல்லறைத் தோட்டத்தில் டச்சு அதிகாரி ஒரு கல்லின் பின்னால் ஒளிந்தான். கல்லில் எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தது.

"இவங்க கப்பல்ல வந்து எறங்கி நாலு மாசம்னு கதையில சொல்றீங்க. அதுக்குள்ள செத்து, கல்லு நட்டு, கல்லும் தேஞ்சு போச்சா?"

டைரக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, நீங்கதான் எனக்கு டைரக்டர்" என்றார். அன்று முதல் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

கொலையானவனுக்கு மனைவியாக நடிக்க என் தம்பி மனைவியைப் பிடித்தார்கள். நல்ல முகம், நான் இல்லை என்று சொல்லவில்லை. என் தம்பி ஆறு வருடத்துக்கு முன் கடலுக்குப் போனவன். படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பைக் காட்டினால்தான் தாலியை எடுப்பேன் என்று இவள் பூவும் பொட்டுமாகத் திரிந்தாள். அதனால் கருமாதி நடக்கவில்லை. மகனுக்கு ஒரு பிண்டம் வைக்காமலே என் நைனா போய்ச் சேர்ந்தார். ஊர் வாயில் எங்கள் வீடு அரைபட்டது.

நடிக்க ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன்.

"எங்கனா கரை ஒதுங்கிப் பொழைச்சிக்கினு இருப்பாரு அண்ணி. படம் எல்லா ஊருக்கும் போவும்ல. பார்த்தார்னா, தாலியோட காத்துக்கினு இருக்கேன்னு தெரிஞ்சிப்பாரு."

அவள் அதை நம்பினாள். எனக்கு எரிந்தது.

அவள் நடிக்க வந்த முதல் நாள் அவளைப் பிணத்தின் மேல் விழுந்து அழவிட்டுப் படம் பிடித்தார்கள். கழுத்தில் அவளுடைய சொந்தத் தாலிதான். மறுநாள் தாலி எடுக்கிற காட்சி என்று சொன்னதும் பின்வாங்கினாள்.

"என்னுதைத் தொடக் கூடாது."

எடுத்த காட்சிக்கும் எடுக்கப்போகிற காட்சிக்கும் பொருத்தம் பார்க்க, நோட்டும் கையுமாக ஒரு பெண் இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். "டூப்ளிகேட் தாலி கட்டிக்கலாம்மா. உங்களதை உள்ள சொருகிக்குங்க. பிரச்சினை இல்ல."

எல்லாரும் சரி என்றார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உள்ளன்னா எங்க? அந்தக் காலத்துப் பொம்பளைக்கு ரவிக்கை ஏது? ஒத்தைச் சேலையில எங்க சொருகுவா? அதுவும் இல்லாம நேத்து பிடிச்சதுல தங்கம். இன்னிக்குப் பித்தளையைக் காட்டுவீங்களா? பாக்குறவன் காறித் துப்புவான்."

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். நேற்று எடுத்த போட்டோவைப் பார்த்தாள். "அம்மா சொல்றது கரெக்ட் சார்" என்றாள்.

"ஒரு நிமிஷம்தாம்மா. ஷாட் முடிஞ்சதும் போட்டுக்கலாம்" என்றார் டைரக்டர். அவர் பட்டணத்து ஆள், அவருக்கு அது நகை. "சரி, யாரு கழட்டுவாங்க?"

"நாத்தனார்தான். எங்க வீட்டு வழக்கம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். சொந்தத் தாலியை முந்தானையால் மூடிக்கொள்ளட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. கேமரா ஓடியது. நானே கழற்றினேன். அவள் போட்ட சத்தத்தில் சுற்றி நின்ற வெளியூர் ஆட்கள் கை தட்டினார்கள். அது நடிப்பு என்று நினைத்தார்கள்.

முடிந்ததும் கையை நீட்டினாள். "குடுங்க அண்ணி."

"எதுக்கு? திரும்பக் கட்டுறதுக்கு ஆளு எங்க?"

கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நாத்தனார் கையால் தாலி இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள், இனி அது இறங்கியதுதான். அவள் கை கீழே இறங்கியது. மறு வாரம் கருமாதி நடந்தது. பூவும் பொட்டும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

படம் வந்ததும் மீஞ்சூர்க் கொட்டகைக்கு வண்டி வைத்துக்கொண்டு ஊரே போனோம். அவளும் வந்தாள், எனக்கு முன் வரிசையில். வலை சரி, பாய் சரி. தேய்ந்த கல் வரவே இல்லை. திரையில் என் கை தாலியைக் கழற்றியது. அடுத்த நொடியே அவள் பிணத்தின் மேல் விழுந்து அழுதாள், கழுத்தில் தாலி பளபளவென்று ஆடியது. முதல் நாள் எடுத்ததைக் கொண்டுவந்து பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

"தப்பு" என்றேன். கொட்டகைக்கே கேட்டிருக்கும். "எடுத்த தாலி எப்படிடி திரும்பி வந்துச்சி?"

எங்கள் ஊர் வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மெல்லத் திரும்பினாள்.

"அண்ணி, அது ஒண்ண மட்டும் தப்புன்னு சொல்லாதீங்க. அதைத்தான் அவரு பாக்கணும்."

நான் விடவில்லை. தப்பு என்றால் தப்புதான். வண்டியில் சொன்னேன், மீன் ஏலத்தில் சொன்னேன், கேட்ட பத்திரிகைக்காரனுக்கும் சொன்னேன்.

இன்றைக்கும் டிவியில் அந்தப் படம் போட்டால் அவள் யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்கிறாள். அந்த அழுகைக் காட்சி வரைக்கும் நின்றுவிட்டு வந்துவிடுகிறாள். தாலி என் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. அவள் மறுபடி வாய் திறந்து கேட்டால் தரலாம் என்று வைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.