கால் நடுங்காத பந்தயம்

பாளையங்கோட்டை வீடியோ கேம் கடையொன்றில் என் மகள் பியூலா ஸ்டியரிங் பிடித்து, திரையில் பந்தயக் கார் ஓட்டினாள். திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டதும் என் கால் தானாகத் தரையை மிதித்தது. கார் சுவரில் மோதி நொறுங்கியது. பொத்தானை அமுக்கினாள், புதுக் கார் வந்தது.

அந்த டயர்ச் சத்தம் எனக்குப் பழக்கம். அப்பா தனியார் பஸ் ஓட்டினார். சுடுகிற என்ஜின் பெட்டிமேல் பாய்த்துண்டு விரித்து நான் உட்கார்ந்திருப்பேன். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த ஊர் ஆட்கள் எங்கள் பஸ்ஸில் ஏறுவார்கள். ஒருநாள், "முந்துங்கப்பா!" என்று கத்தினேன். முந்தினார். எதிரே ஒரு சைக்கிள். அப்பா பிரேக்கை மிதிக்க, சைக்கிள்காரர் வயலுக்குள் பாய்ந்து தப்பினார்.

"கண்ணு பொடதியிலயா இருக்கு வே?" என்று வயலில் நின்றபடி தன் பிடரியைத் தட்டிக்காட்டி ஏசினார்.

அப்பா நடுங்கிய வலது காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அதன்பிறகு அவர் யாரையும் முந்தவில்லை.

பியூலா ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, நெசப் பந்தயத்துக்குப் பேரு குடுக்கேன். கையெழுத்துப் போடுங்க."

"ஏளா, மோதினியே, கால் நடுங்குச்சா?"

"எதுக்கு நடுங்கணும்? இன்னொரு கார்தான் வருதுல்லா!"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நடுங்குத அன்னைக்குக் கேளு. போடுதேன்."