வேகாத பருப்பு

இரசாயனம் என்று ஒரு படிப்பு இருப்பதை என் மகளின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு வெகுகாலம் முன்பே, பத்துமலைக்குப் பக்கத்தில் கல்லுடைக்கும் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில், ஒரு பருப்புச் சட்டி அதை எனக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நான் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரத்தை ஒரே வருடத்தில் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காரணம் கேட்டால் லயமே சொல்லும்: அவளுக்குக் கைராசி இல்லை, அவள் வைத்தால் பருப்பு வேகாது. கிள்ளானில் என் தாய்வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்தோம். அங்கே நான் வைக்கிற பருப்பு அரை மணியில் குழைந்துவிடும்.

வந்த முதல் வாரமே அந்தச் சிரிப்பு போயிற்று. விடிவதற்கு முன் எழுந்து, கண் எரிய எரிய அடுப்பை ஊதுவேன். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு போட்டபடியே கிடக்கும். பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரச் சீனரிடம் சண்டை போட்டு வேறு பருப்பு வாங்கி வந்தேன். பாவம் அந்த மனிதர், அதுவும் வேகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

"ஒனக்கும் கைராசி இல்ல. இப்படியே போனா நீயும் கிள்ளானுக்கு ரயில் ஏற வேண்டியதுதான்."

எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். திரும்பிப் போனால் அப்பா என்னை வாசலில் நிறுத்தித்தான் பேசுவார். பயம் இருந்தது, அதைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. ஒரு பிடி பருப்புக்கா இத்தனை பாடு?

ஒரு மழை நாளில், தகரக் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் பிடித்துத் துணி துவைத்தேன். கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தாலும் திரிதிரியாகப் போகிற சவர்க்காரம் அன்று பொங்கி நுரைத்தது. காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மருந்து கொடுக்க வந்த ஆஸ்பத்திரி டிரெஸரிடம் இது ஏன் என்று கேட்டேன்.

"இந்த மலையே சுண்ணாம்புக் கல்லுதாம்மா. அது கரைஞ்சு கிணத்துக்கு வருது. கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதே, அதேதான். சவர்க்காரத்த நுரைக்க விடாது, பருப்ப வேக விடாது. மழத்தண்ணியில அது இல்ல," என்றார்.

மறுநாள் இரண்டு சட்டி வைத்தேன். ஒரே பருப்பு, ஒரே விறகு, ஒரே கை. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர். மத்தியானம் சாப்பிட வந்தவர் முன்னால் இரண்டையும் வைத்து, எது எந்தத் தண்ணீர் என்று சொன்னேன். டிரெஸர் சொன்னதையும் சொன்னேன். அவர் விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒன்று குழைந்தது, மற்றது விரலுக்கு வழுக்கி ஓடியது.

"அப்போ மழத்தண்ணியிலயே வை. கிள்ளானுக்கெல்லாம் போக வேணாம்," என்றார்.

பிழைத்தேன் என்று மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"என்னங்க, மொதல்ல இருந்த அந்த அக்காவும் இந்தக் கிணத்துத் தண்ணியிலதானே வச்சாங்க?" என்று கேட்டேன்.

அவர் வெந்த பருப்பைச் சோற்றில் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். வேகாததைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அதை நான் சாப்பிட்டேன்.